குமரி மாவட்டத்துக் கம்பெனிக்கு எந்தச் சட்ட நிறுவனம்? மும்பை, சென்னை, கொச்சி, நாகர்கோவில்: ஓர் ஒப்பீடு

ஒருவர் தொழிலில் நொடித்துப்போனால் "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று சொல்வது நம் ஊர்ப் பேச்சு. அந்தச் சொல் காதில் விழுந்ததும், பணம் வரவேண்டியவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். 2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்தபின், பாக்கி வைத்திருப்பது ஒரு கம்பெனியாக இருந்தால் அப்படி மூட வேண்டியதில்லை. பணம் வரவேண்டியவரே அந்தக் கம்பெனியைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தலாம் என்றாகிவிட்டது. நாகர்கோவிலில் சிறு தொழிற்சாலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் இருபது ஆண்டுகளாகக் கணக்கு பார்க்கிற என்னிடம் அதன்பிறகு அடிக்கடி வரும் கேள்வி, "சார், இதுக்கு எந்த வக்கீல்கிட்ட போகணும்? பெரிய இடமாப் பிடிக்கணுமா?" என்பதுதான். கம்பெனியை விற்கப்போகிறவர்களும், இரண்டு கம்பெனிகளை ஒன்றாக்க நினைக்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பலர் அதற்கு முன்பே கைபேசியில் "இந்தியாவின் முன்னணிச் சட்ட நிறுவனங்கள்" என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பட்டியல் யாருக்காகப் போடப்பட்டது, நமக்கு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதைக் கையில் வந்த வேலைகளைக் கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன்.

பட்டியலில் இருக்கும் பெயர்கள்

கம்பெனி சட்டம், நிறுவன இணைப்பு, திவால் ஆகிய மூன்றுக்கும் முதல் வரிசையில் வருபவை பெரும்பாலும் ஒரே பெயர்கள்தான். 1917இல் தொடங்கிய பழைய அமர்சந்த் நிறுவனம் 2015இல் சகோதரர்கள் இருவருக்கிடையே பிரிந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் என இரண்டாயிற்று. கைத்தான் அண்ட் கோ 1911இல் கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது; அதைத் தொடங்கிய தேவி பிரசாத் கைத்தான் நம் அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். ஏ.இசட்.பி. அண்ட் பார்ட்னர்ஸ், மும்பையில் ஜியா மோடியின் நிறுவனமும் டெல்லியில் அஜய் பஹலின் நிறுவனமும் 2004இல் சேர்ந்ததால் உருவானது. ஜோதி சாகர் 1991இல் தொடங்கிய ஜே.எஸ்.ஏ., 2000இல் தொடங்கிய டிரைலீகல் ஆகியவையும் இந்த வரிசையில் உண்டு. இவற்றில் இரண்டு அமர்சந்த் நிறுவனங்களுக்கும் கைத்தானுக்கும் சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது.

இவை செய்கிற வேலையின் அளவை ஒரு வழக்கே சொல்லிவிடும். எஸ்ஸார் ஸ்டீல் நிறுவனத்தை ஆர்சலர்மிட்டல் சுமார் 42,000 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதற்கான திட்டம், தீர்ப்பாயம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் எனச் சுற்றி, 2019 நவம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்போடுதான் முடிவுக்கு வந்தது. அதுபோன்ற வழக்கில் கடன் கொடுத்த வங்கிகளின் குழு, நொடித்த கம்பெனியை நடத்தும் தீர்வு வல்லுநர், வாங்க வருகிற போட்டியாளர்கள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சட்ட அணி வேண்டும். ஒரே வாரத்தில் பல்லாயிரம் பக்கங்களைப் படித்துக் குறிப்பெழுத ஆள் வேண்டும். அந்தப் பலம் இந்த நிறுவனங்களிடம் உண்டு. வேறு எவரிடமும் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆனால் தரவரிசை எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சேம்பர்ஸ், லீகல் 500 போன்ற, லண்டனை மையமாகக் கொண்ட வழிகாட்டிகளுக்குச் சட்ட நிறுவனங்களே தாங்கள் அந்த ஆண்டு நடத்திய முக்கிய வேலைகளின் விவரத்தையும், விசாரித்துக்கொள்ளத் தங்கள் கட்சிக்காரர்களின் பெயர்களையும் எழுதி அனுப்புகின்றன. அதற்கென்றே ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள்தாம் அதில் நிறைவாகப் பங்கெடுக்க முடியும். தீர்ப்பாயத்தில் வாரம் தவறாமல் நின்று வாதாடுகிற, நாலு பேர் மட்டும் இருக்கிற சென்னை அலுவலகம் அதில் வராமலே போகலாம். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதிப்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது. இணையத் தளங்களில் வக்கீல்களுக்கு மதிப்பெண் போட்டுப் பட்டியலிடுவதைச் சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் கண்டித்தது. ஆகவே சிறிய, நல்ல அலுவலகங்களின் பெயர் நம் கைபேசிக்கு வந்து சேராமல் இருப்பதில் வியப்பில்லை. அவர்களைப் பற்றி ஆடிட்டர், கம்பெனி செகரட்டரி, உள்ளூர் வக்கீல் ஆகியோரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, பெரிய நிறுவனங்களின் நிரந்தரக் கட்சிக்காரர்கள் வங்கிகளும் பெருங்கம்பெனிகளும்தான். நமக்குப் பாக்கி வைத்த கம்பெனிக்கோ, அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்கோ அவர்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தால் நம் வழக்கை எடுக்க முடியாது. விவரத்தை எல்லாம் அனுப்பி, பத்து நாள் காத்திருந்து, "எங்களால் இயலாது" என்ற பதிலை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தொலைபேசி அழைப்பிலேயே எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டால் அந்தப் பத்து நாள் மிஞ்சும்.

பாக்கி வரவேண்டியவருக்கு

குலசேகரம் பக்கத்து ரப்பர் வியாபாரி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கேரளத்தில் பதிவான ஒரு கம்பெனிக்கு ஆர்.எஸ்.எஸ். 4 தர ரப்பர் ஷீட் (புகையூட்டி உலர்த்தியது) எட்டு லோடு அனுப்பியிருந்தார். பாக்கி 1 கோடியே 34 லட்சம். சணல் கயிற்றால் கட்டிய கோப்பில் பில்லும் டெலிவரி சலானும் லாரி ரசீதும் தேதி வாரியாக ஒழுங்காக இருந்தன. ஒரு காகிதமும் விடுபடவில்லை. சென்னையில் அலுவலகம் வைத்திருக்கிற, பட்டியலில் மேலே இருக்கிற ஒரு நிறுவனத்தைப் பிடிப்பது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

நான் முதலில் பார்த்தது கடன்பட்ட கம்பெனியின் பதிவு அலுவலக முகவரியை. திவால் சட்டத்தின் 60ஆம் பிரிவு, எந்த மாநிலத்தில் கடன்பட்ட கம்பெனியின் பதிவு அலுவலகம் இருக்கிறதோ அந்தப் பகுதிக்குரிய தீர்ப்பாய அமர்வில்தான் மனு போட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அமர்வு. கேரளத்துக்கும் லட்சத்தீவுக்கும் கொச்சி அமர்வு. சரக்கை எங்கே ஏற்றினோம், பணம் எந்த வங்கிக்கு வரவேண்டும் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. மற்ற மாவட்டத்தாரைவிட நமக்கு இது மிகவும் முக்கியம். ரப்பர், முந்திரி, வாழைக்குலை, மீன், செங்கல் என்று நம் மாவட்டத்திலிருந்து களியிக்காவிளை தாண்டிப் போகிற சரக்கு ஏராளம். வாங்குகிறவரின் பதிவு அலுவலகம் கோட்டயத்திலோ எர்ணாகுளத்திலோ இருந்தால் வழக்கு கொச்சிக்குத்தான் போகும். மார்த்தாண்டத்திலிருந்து கொச்சி சுமார் 240 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். சென்னை வக்கீலை வைத்துக்கொண்டால் அவர் கொச்சியில் இன்னொருவரை அமர்த்துவார், இருவருக்கும் நாம் பணம் கொடுப்போம்.

அடுத்து, தொகை. சரக்கு கொடுத்தவர் திவால் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் மனு போட, தவறிய பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாயாக இருக்க வேண்டும். 2020 மார்ச் 24 வரை இந்த வரம்பு 1 லட்சமாக இருந்தது. பழைய நினைவிலேயே பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வங்கிகளைப் போன்ற நிதிக் கடன் கொடுத்தோர் 7ஆம் பிரிவில் பலராகச் சேர்ந்து மனு போட இடம் இருக்கிறது. சரக்கு கொடுத்தவர்களுக்கு 9ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தலா 40 லட்சம் வரவேண்டிய மூன்று வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து வந்தாலும் இந்த வழி திறக்காது. மனுவுக்கு முன் 8ஆம் பிரிவின்படி கேட்பு அறிவிப்பு அனுப்பிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் எதிர்த்தரப்பு, "இந்தச் சரக்கு பற்றி ஏற்கெனவே தகராறு இருந்தது" என்று காட்டிவிட்டால், அந்தத் தகராறு வெறும் சாக்காக இல்லாதவரை, மனு நிற்காது. 2017இல் மொபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. இந்த வகை மனுக்கள் பலவும் தோற்பது இந்த இடத்தில்தான்.

அந்த ரப்பர் வியாபாரியின் கதையும் இங்கேதான் வந்து நின்றது. அவர் விவரம் கேட்ட பெரிய நிறுவனத்தில் ஒரு இளம் வக்கீல், பில்களின் நகலைப் பார்த்துவிட்டு, முழுத் தொகைக்கும் உடனே அறிவிப்பு அனுப்பலாம் என்று மின்னஞ்சல் எழுதியிருந்தார். எழுத்து தெளிவாகவும் சட்டப்படி சரியாகவும் இருந்தது. கொச்சியில் தீர்ப்பாயத்தில் மட்டுமே வழக்கு நடத்துகிற ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேட்டோம். அவர் பில்லைத் தொடுவதற்கு முன் வியாபாரியின் கைபேசியைக் கேட்டார். வாங்குகிற கம்பெனியின் கொள்முதல் ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை, மலையாளத்தில் இருந்தவற்றையும் சேர்த்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவது லோடில் ஷீட் ஈரமாக இருந்தது, விலையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு செய்தி இருந்தது. "அதை நாங்க அப்பவே பேசி முடிச்சாச்சே சார்" என்றார் வியாபாரி. பேசி முடித்ததற்கு எழுத்து இல்லை. அந்த ஒரு லோடின் மதிப்பு 17 லட்சம். அதை விட்டுவிட்டு, எந்தப் புகாரும் இல்லாத ஏழு லோடுகளுக்கான 1 கோடியே 17 லட்சத்துக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பச் சொன்னார் கொச்சி வக்கீல். அதுவே வரம்பைத் தாண்டி நிற்கிறது, தகராறு என்று பிடித்துக்கொள்ள எதிர்த்தரப்புக்கு எதுவும் இருக்காது. 17 லட்சத்துக்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இளம் வக்கீலுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அவரிடம் போன கோப்பில் கைபேசி இல்லை, அவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சரக்கு கொடுத்து ஏமாந்தவர் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது, நிறுவனத்தின் பெயரை விட, காகிதத்தோடு காகிதமாக உட்கார்ந்து படிக்கப்போவது யார் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த ஆள் பெரிய நிறுவனத்திலும் இருக்கலாம். ஆனால் ஒரு கோடிச் சொச்சம் பாக்கி, ஆயிரம் கோடி வழக்குகள் நடக்கிற இடத்தில் யார் மேசைக்குப் போகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். இந்த வகை வேலைக்கு நான் கை காட்டுவது, அந்தந்த அமர்வில் தொடர்ந்து நடக்கிற நடுத்தர அலுவலகத்தைத்தான். கடன்பட்ட கம்பெனி தமிழ்நாட்டில் பதிவானால் சென்னை, கேரளத்தில் பதிவானால் கொச்சி.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9ஆம் பிரிவு மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 2,000 ரூபாய்தான். வக்கீல் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. மனு ஏற்கப்பட்டால் இடைக்காலத் தீர்வு வல்லுநரின் தொடக்கச் செலவையும் மனுதாரரே முதலில் போட வேண்டியிருக்கும். மனு ஏற்கப்பட்டபின் அந்தக் கம்பெனி எல்லாக் கடன்காரர்களுக்கும் பொதுவாகிவிடுகிறது. நமக்கு மட்டும் முதலில் பணம் என்பது கிடையாது. இந்தச் சட்டம் வெறும் வசூல் மன்றமல்ல என்று 2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதை முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லாத வக்கீலிடம், அவர் எவ்வளவு பெரியவரானாலும், நான் யாரையும் அனுப்புவதில்லை.

திவால் சட்டம் தேவையில்லாத இடங்கள்

பாக்கி வைத்தவர் தனிநபராகவோ கூட்டு வியாபாரமாகவோ இருந்தால், கம்பெனிகளுக்கான இந்த நடைமுறையே கிடையாது. பழைய 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் உரிமையியல் நீதிமன்றமும்தான். அதற்கு நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை நீதிமன்றங்களில் தினமும் நிற்கிற வக்கீலே போதும். அவரைவிடப் பொருத்தமானவர் வெளியூரில் கிடைக்கமாட்டார். நம்முடையது பதிவு செய்யாத கூட்டு நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறுகளுக்கு வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும்.

சரக்கைத் தயாரிக்கிறவருக்கு இன்னொரு வழி உண்டு. உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் அதிகபட்சம் 45 நாளில் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மீன்வலைத் தொழிற்சாலைகளுக்கும், கயிறு, முந்திரி, செங்கல் தயாரிப்பாளர்களுக்கும் இது மிக நல்ல ஆயுதம். தொகை ஒரு கோடியைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. இதற்குப் பெரிய சட்ட நிறுவனம் வேண்டவே வேண்டாம். அனுபவமுள்ள ஆடிட்டர் அலுவலகமே மனுவைத் தயாரித்துவிடும். வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்த வழி இல்லை. 2021இல் வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும், அது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே. எங்கள் ரப்பர் வியாபாரிக்கு இந்தக் கதவு மூடியிருந்ததற்கு அதுதான் காரணம்.

வேறொருவர் போட்ட மனுவில் அந்தக் கம்பெனி ஏற்கெனவே திவால் நடைமுறைக்குள் போய்விட்டது என்றால், நம் வேலை இன்னும் எளிது. தூத்துக்குடியில் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம் வைத்திருந்த கோஸ்டல் எனர்ஜென் 2022இல் அப்படிப் போனது; சென்னை அமர்வு அதன் தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது 2024 ஆகஸ்டில். நடைமுறையை முடிக்கச் சட்டம் சொல்கிற வெளிவரம்பு 330 நாள்தான். இத்தகைய நேரத்தில் சரக்கு கொடுத்தவரும் ஒப்பந்தக்காரரும் செய்ய வேண்டியது, செய்தித்தாளில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, பாக்கியைக் கோரும் படிவமான படிவம் பி நிரப்பி, ஆதாரங்களோடு தீர்வு வல்லுநருக்கு அனுப்புவது. அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அறிவிப்பில் குறிப்பிட்ட தேதியைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம். கடன் கொடுத்தோர் குழுவில் சரக்கு கொடுத்தவருக்கு வாக்குரிமை இல்லை. தொகை பெரிதாக இருந்து, நம் கோரிக்கையை வல்லுநர் நிராகரித்தால் மட்டும் வக்கீலிடம் போனால் போதும். தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக ஆடிட்டரோ கம்பெனி செகரட்டரியோ கூட நின்று பேசலாம் என்று கம்பெனிகள் சட்டத்தின் 432ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

கம்பெனியை விற்கிறவருக்கு

இங்கே என் கருத்து மாறுகிறது. குடும்பக் கம்பெனியை வெளியூர்ப் பெரிய நிறுவனமோ முதலீட்டு நிதியமோ வாங்க வந்தால், அவர்கள் பக்கம் மேலே சொன்ன பெயர்களில் ஒன்று உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கெதிரே, நிலப்பத்திரம் எழுதிப் பழகிய வக்கீலை மட்டும் உட்கார வைப்பது அநியாயம், அவருக்கும் நல்லதல்ல.

ஏன் என்றால், பங்குகளை விற்பதில் முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம்தான்; அதே தொழிற்சாலையை நிலமும் கட்டடமுமாகப் பத்திரம் போட்டு விற்றால் தமிழ்நாட்டில் முத்திரைக்கு 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம். ஆகவே பெரும்பாலும் பங்கு விற்பனையாகத்தான் நடக்கும். பங்கை வாங்குகிறவர் கம்பெனியின் பழைய வரி, வைப்பு நிதி, தொழிலாளர் பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து வாங்குகிறார். அந்த அச்சத்தால்தான் அவருடைய வக்கீல் நூறு பக்கம் ஒப்பந்தம் எழுதுகிறார்.

நான் பார்த்த ஒரு வரைவில், விற்கிற ஐந்து பேரும் எல்லா உறுதிமொழிகளுக்கும் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. ஐவரில் ஒருவர் தக்கலையில் கட்டிக்கொடுத்த மூத்த அக்கா. அப்பா எழுதிவைத்த 4 சதவீதப் பங்கு அவருக்கு. கம்பெனிக்குள் அவர் காலெடுத்து வைத்ததே திருவிழா பூசைக்குத்தான். அந்த ஒரு வரியின்படி, மூன்று ஆண்டு கழித்து ஒரு வரி நோட்டீஸ் வந்தால் வாங்கியவர் முழுத் தொகையையும் அக்காவிடமே கேட்கலாம். தம்பிகள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் கம்பெனி விற்பனை வேலை மட்டும் செய்கிற ஓர் அலுவலகத்தை அமர்த்திய பிறகு, ஒவ்வொருவரின் பொறுப்பும் அவரவர் பெற்ற தொகைக்குள் அடங்கும் என்றும், இத்தனை ஆண்டுக்குப் பின் கோர முடியாது என்றும், மொத்தப் பொறுப்புக்கு உச்ச வரம்பு இது என்றும் மாற்றி எழுதி வாங்கினார்கள். விலையில் ஒரு ரூபாய் கூடவில்லை. ஆனால் அக்கா நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

பெரிய நிறுவனமா, விற்பனை வேலையில் தேர்ந்த சென்னை அலுவலகமா என்றால், சில பத்துக் கோடிக்குள் அடங்கும் விற்பனைக்கு இரண்டாவதே போதும் என்பது என் தீர்மானம். வெளிநாட்டு முதலீடு, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட வாங்குநர், போட்டி ஆணையத்தின் அனுமதி என்று விஷயம் விரிந்தால் பெரிய நிறுவனத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கப் பார்ப்பது தவறு. ஆனால் எவரை அமர்த்தினாலும் உள்ளூர் வக்கீல் ஒருவர் கூடவே வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன் நாம் திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தவர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தொழிற்சாலை நிலங்களின் மூலப்பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்து, பழைய சர்வே எண்ணை இன்றைய எண்ணோடு பொருத்தி, ரப்பர்த் தோட்டமாக இருந்தால் அது தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா என்றும், கடலோரமாக இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் வருகிறதா என்றும் பார்த்துச் சொல்லச் சென்னையிலோ மும்பையிலோ ஆள் இல்லை. வாங்குகிறவரின் வக்கீல் கடைசி வாரத்தில் கேள்வி எழுப்பி விலையைக் குறைப்பது பெரும்பாலும் இந்த நிலக் காகிதங்களை வைத்துத்தான்.

குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளை ஒன்றாக இணைப்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டுமே சட்டத்தின் வரையறைப்படி சிறு கம்பெனிகளாக இருந்தால், 233ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்துக்குப் போகாமலே, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரின் ஒப்புதலோடு முடித்துவிடலாம். பங்குகளில் 90 சதவீதம் வைத்திருப்போரின் சம்மதமும், கடன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு உள்ளவர்களின் சம்மதமும் வேண்டும். வங்கியின் சம்மதக் கடிதம்தான் தாமதமாகும். நல்ல கம்பெனி செகரட்டரி ஒருவர் இதைச் செய்துவிடுவார்.

நம் கம்பெனியே தள்ளாடினால்

இந்தப் பகுதியை எழுதுவதற்குத்தான் எனக்கு மனம் கனக்கிறது. வங்கி மேலாளர் கேட்டார் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து தனிப்பட்ட உத்தரவாதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குடியிருக்கிற வீடும் அடமானத்தில் இருக்கும். கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்த தனிநபர்களையும் 2019 டிசம்பர் 1 முதல் திவால் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பிரிவுகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனால் தனக்கும் பாதுகாப்பு என்று நினைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். கம்பெனிக்குக் கிடைக்கும் தடைக்காலம் (அதன்மீதான வழக்கும் வசூலும் நிறுத்திவைக்கப்படும் காலம்) உத்தரவாதம் கொடுத்தவரின் வீட்டைக் காப்பதில்லை.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. நொடித்த கம்பெனியின் முதலாளி அதை மீண்டும் எடுக்க முடியாதபடி தடுக்கிற 29ஏ பிரிவின் முக்கியமான தடைகள் 240ஏ பிரிவால் இவர்களுக்குத் தளர்த்தப்பட்டிருக்கின்றன. தீர்வுத் திட்டத்தைக் கடன் கொடுத்தோரோடு முன்கூட்டியே பேசிக்கொண்டு போகிற, 2021 ஏப்ரலில் வந்த முன்னேற்பாட்டுத் தீர்வு முறையில் நிர்வாகம் முதலாளியின் கையிலேயே இருக்கும். 10 லட்சம் தவறினாலே போகலாம், 120 நாளில் முடிக்க வேண்டும். ஆனால் மனுவுக்கு முன்பே, கடன் மதிப்பில் 66 சதவீதம் உள்ள நிதிக் கடன் கொடுத்தோரின் ஒப்புதல் வேண்டும். நம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு அது ஒரே வங்கிதான். அந்த வங்கி தலையசைக்காவிட்டால் சட்டப் புத்தகத்தில் இருந்து பயனில்லை.

ஆகவே இந்த நிலையில் இருப்பவர் தேட வேண்டியது, வங்கியோடு பேசி முடிக்கத் தெரிந்த, ஆனால் அந்த வங்கிக்கு வேலை செய்யாத வக்கீலை. பெரிய சட்ட நிறுவனங்கள் இந்த இரண்டாவது நிபந்தனையிலேயே பெரும்பாலும் கழிந்துவிடும். வங்கி சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கிவிட்டால், அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்; நம் மாவட்டத்துக்கு அது மதுரையில் இருக்கிறது. உயர் நீதிமன்றமும் நமக்கு 2004 முதல் மதுரைக் கிளைதான். எனவே முதலில் வேண்டியவர் மதுரையில் அந்தத் தீர்ப்பாயத்தில் நடக்கிற வக்கீல். கம்பெனிக்காகச் சென்னைத் தீர்ப்பாயத்துக்குப் போவதா என்பது அதன்பிறகு, அவரும் ஆடிட்டரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. சுவரில் அறிவிப்பு ஒட்டிய பின் சென்னைக்கும் மும்பைக்கும் விசாரித்துக்கொண்டிருந்து அந்த 45 நாளில் 30 நாளைத் தொலைத்தவர்கள் என் கண்முன்னே இருக்கிறார்கள்.

கட்டணமும் கடிதமும்

பெரிய நிறுவனங்கள் மணிக்கணக்கில் கட்டணம் போடும். பங்குதாரருக்கு ஒரு வீதம், அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு வீதம். தீர்ப்பாயத்தில் வாதாட மூத்த வக்கீலை அமர்த்தினால் அவருடைய கட்டணம் தனி. நடுத்தர அலுவலகங்கள் கட்டம் கட்டமாக நிலையான தொகை சொல்லும்: அறிவிப்புக்கு இவ்வளவு, மனுவுக்கு இவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவ்வளவு. விற்பனை ஒப்பந்த வேலையில் மணிக்கணக்குக் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு கேட்கலாம். கேட்டால் பலரும் ஒத்துக்கொள்கிறார்கள். வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று யாராவது பேசினால் விலகிவிட வேண்டும். வழக்கின் முடிவோடு கட்டணத்தைப் பிணைக்க வக்கீல்களுக்கு அனுமதி இல்லை.

வேலையை ஒப்படைக்கும் கடிதத்தில் நான் சேர்க்கச் சொல்வது, கோப்பைப் படிக்கப்போகிறவர், வாய்தாவுக்கு நிற்கப்போகிறவர் ஆகிய இருவரின் பெயரும், இருவரில் ஒருவர் மாறினால் நமக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியும். ரப்பர் வியாபாரி கொச்சி வக்கீலிடம் இதைக் கேட்டபோது அவர் தன் பெயரையும் இளையவர் ஒருவரின் பெயரையும் உடனே எழுதிக்கொடுத்தார். ஏழு லோடுக்கான அறிவிப்பு போனது. ஒன்பதாவது நாள் எதிர்த்தரப்பு, பாக்கியை ஆறு தவணையில் தருவதாகத் தொலைபேசியில் சொன்னது. வக்கீல் அதை ஏற்கவில்லை. 1 கோடியே 17 லட்சம் கொடுக்கவேண்டியிருக்கிறது என்று தொகையைக் குறிப்பிட்டு, இயக்குநர் கையெழுத்தோடு கம்பெனியின் கடிதத்தாளில் எழுதித் தரவேண்டும் என்றார். பில்லின் தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்ற காலவரையறை, அது முடிவதற்குள் அப்படி ஒரு கையெழுத்து விழுந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். முதல் பில்லுக்கு இன்னும் நான்கு மாதம்தான் மிச்சம் இருந்தது.